பெனால்டி கில்லர்களை வாங்குவதா, பெனால்டியைக் குறைப்பதா?

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் நடத்துவது ஐஸ் ஹாக்கி சிம் லீக் அணி, அதாவது ஆட்டங்களைக் கணினி நிரல் ஆடிக்காட்ட, ஆட்களை வாங்கி விற்று நாம் நடத்தும் அணி. அது 20 ஆட்டம் முடித்திருக்கிறது. அதில் 100 முறை ஆள் குறைவாக நின்று (குற்றம் செய்தவர் பெனால்டியாகப் பெரும்பாலும் 2 நிமிடம் பெட்டிக்குள் உட்கார, அணி ஓர் ஆள் குறைவாக ஆடும்) 22 கோல் வாங்கியிருக்கிறீர்கள், அதாவது கோல் விடாமல் தாங்கிய பெனால்டி கில் 78 சதவீதம். லீக்கில் மற்ற அணிகள் சராசரியாக 70 முறைதான் ஆள் குறைவாக ஆடியிருக்கின்றன. சம்பள வரம்பில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்து நல்ல பெனால்டி கில்லர்கள் இரண்டு பேரை, அதாவது ஆள் குறைவான நேரத்தைத் தாங்குவதில் தேர்ந்தவர்களை, வாங்குவதா, இல்லை மோதி அடித்து ஆடும் உங்கள் விங்கர்கள் (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டுகள்) இருவரையும் விற்றுவிட்டு அடக்கமாக ஆடுகிறவர்களைக் கொண்டுவருவதா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் "அந்த இரண்டு பேரையும் விட மனசில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அதனால் உண்மையான கேள்வி, அவர்களை வைத்துக்கொண்டே வாங்கும் கோலைக் குறைக்க வழி உண்டா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பத்து வருடங்களுக்கு மேலாக இப்படிப்பட்ட லீக்குகளில் அணி நடத்தி வருகிறேன், எஸ்.டி.எச்.எஸ். என்ஜினில் (ஆட்டத்தைக் கணக்கிடும் நிரல்) ஓடுபவை, ஃப்ரான்சைஸ் ஹாக்கி மேனேஜரில் ஓடுபவை இரண்டிலும். நடுவில் இரண்டு சீசன் கமிஷனராகவும், அதாவது லீக்கையே நடத்துபவராகவும், இருந்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முதலில் பெனால்டியைக் குறையுங்கள். கில்லர்களை அப்புறம் பார்க்கலாம். ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக இதைச் சொல்லவில்லை. "எடுக்காத பெனால்டிதான் சிறந்த கில்" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் உங்களுடைய இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே பலனைத்தான் தருகின்றன.

போட்டுப் பார்ப்போம். ஆட்டத்துக்கு 5 முறை ஆள் குறைவு, 78 சதவீதம் கில், அப்படியென்றால் ஆட்டத்துக்கு 1.1 கோல். ஒரு சீசனின் 82 ஆட்டத்துக்கு 90 கோல். கில்லை 82 சதவீதத்துக்கு ஏற்றினால் ஆட்டத்துக்கு 0.9 கோல், சீசனுக்கு 74. அதாவது 16 கோல் மிச்சம். இப்போது கில்லைத் தொடாமல் 5 பெனால்டியை 4 ஆக்குங்கள். ஆட்டத்துக்கு 0.88, சீசனுக்கு 72, மிச்சம் 18. ஆனால் இந்த 18-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த இரண்டு நிமிடம் பெனால்டி இல்லாவிட்டால் ஐந்துக்கு ஐந்து ஆடியிருப்பீர்கள், அங்கேயும் கோல் விழும், நீங்களும் அடிப்பீர்கள். சராசரி அணிக்கு அந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துப் போய்விடும். அதோடு ஆள் குறைவாக நிற்கும்போதும் எப்போதாவது ஒரு கோல் அடிப்போம், வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் இது நூறு பெனால்டிக்கு இரண்டு மூன்று என்ற கணக்கில் இருக்கும். அதைக் கழித்தால் குறைத்த 82 பெனால்டியின் நிகர லாபம் 16 கோலை ஒட்டித்தான் வரும். ஆக இந்தப் பக்கமும் 16, அந்தப் பக்கமும் 16. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் 32 வராது என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் இது பெருக்கல். ஆட்டத்துக்கு 5 பெனால்டி வாங்கும் அணிக்குத்தான் 4 புள்ளி கில் முன்னேற்றம் 16 கோல் தரும். அதே முன்னேற்றம் ஆட்டத்துக்கு 3 பெனால்டி வாங்கும் அணிக்கு 10 கோல்தான் தரும். ஒழுக்கம் கூடக் கூட, கில்லர்களுக்குக் கொடுத்த பணத்தின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும்.

சரி, பலன் சமம் என்றால் ஏன் பெனால்டியை முதலில் குறைக்கச் சொல்கிறேன்? உங்கள் இரண்டு எண்களில் ஒன்றை நம்பலாம், இன்னொன்றை இப்போதைக்கு நம்ப முடியாது. அதனால்தான்.

78 சதவீதம் என்பது 100 முறை நடந்ததிலிருந்து வந்தது. உண்மையிலேயே 78 சதவீதத் திறமை உள்ள ஓர் அணி 100 முறை ஆள் குறைவாக நின்றால், முடிவு வெறும் தற்செயலாலேயே 4 புள்ளி மேலேயோ கீழேயோ போவது சாதாரணம், 8 புள்ளி போவதும் அதிசயம் கிடையாது. பள்ளிப் புள்ளியியலில் வரும் திட்ட விலக்கம்தான், வேறு மந்திரம் எதுவும் இல்லை. அதனால் உங்கள் கில் குழு உண்மையில் 82 சதவீதக் குழுவாகவே இருக்கலாம், நீங்கள் பணம் கொடுத்து வாங்க நினைக்கும் அந்த 4 புள்ளி ஏற்கெனவே உங்களிடம் இருக்கலாம். 74 ஆகவும் இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழு சீசன் ஆடி 400 முறை நின்ற பிறகுகூட 2 புள்ளி ஊசலாட்டம் மிச்சம் இருக்கும். பெனால்டி எண்ணிக்கை அப்படி இல்லை. மற்றவர்கள் 70 வாங்கும் இடத்தில் நீங்கள் 100 வாங்கியிருக்கிறீர்கள். இந்த அளவு வித்தியாசம் தற்செயலாக வருவது மிக அபூர்வம், அது உங்கள் ஆட்களிடமிருந்தும் நீங்கள் போட்டிருக்கும் உத்தியிலிருந்தும் வருகிறது. கையில் இருக்கும் பணத்தைத் தெரிந்த ஓட்டையை அடைக்கச் செலவு செய்யலாம் என்பது என் கட்சி.

நிஜ ஆட்டத்திலேயே இந்த ஊசலாட்டத்தைப் பார்க்கலாம். என்.எச்.எல். அணியான எட்மன்டன் ஆயிலர்ஸ் 2023-24 வழக்கமான சீசனில் ஏறக்குறைய 80 சதவீதம் கில் செய்த நடுத்தர அணி. அதே அணி அந்த வருட ப்ளேஆஃபில் (சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) 70 பெனால்டியில் 66-ஐத் தாங்கி 94 சதவீதத்தைத் தொட்டு, ஸ்டான்லி கோப்பை இறுதியின் 7வது ஆட்டம் வரை போனது. இவ்வளவு பெரிய ஏற்றத்தை அதிர்ஷ்டத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது, உண்மையாகவே நன்றாக ஆடினார்கள். ஆனால் அடுத்த சீசனில் எண் மறுபடி 80-க்குக் கீழே வந்து நின்றது. அந்த 94-ஐப் பார்த்து ஒருவர் தன் சிம் அணிக்கு எட்மன்டனின் கில்லர்களை அள்ளியிருந்தால் கையைச் சுட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, கில் சதவீதத்தில் கோலியின் (கோல் காப்பவர்) பங்கு பெரிது. ஹாக்கி வட்டாரத்தில் "உன் சிறந்த பெனால்டி கில்லர் உன் கோலிதான்" என்பது பழைய பேச்சு. சிம் என்ஜினிலும் கடைசியில் ஷாட்டுக்கும் கோலிக்கும் இடையிலான கணக்காகத்தான் அது வந்து முடிகிறது. நீங்கள் வாங்கும் இரண்டு ஃபார்வர்டுகள் ஷாட் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்ஆஃபில் நல்ல எண் உள்ள சென்டர் (நடு ஃபார்வர்டு), பக்கை (ஹாக்கியின் ரப்பர் தட்டு) முதலிலேயே நம் பக்கம் எடுத்து வெளியே தள்ள உதவலாம். ஆனால் 4 புள்ளி ஏற்றம் இரண்டு ஃபார்வர்டால் மட்டும் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சதவீதங்கள் பதிவாகத் தொடங்கிய காலத்திலிருந்து என்.எச்.எல்.-இல் ஒரு முழு சீசனுக்கான உச்சமே நியூ ஜெர்சி டெவில்ஸ் 2011-12இல் எடுத்த 89.6தான். நடுத்தர அணிக்கும் லீக்கின் முதல் அணிக்கும் இடைவெளியே ஆறேழு புள்ளி இருக்கும் இடத்தில், 4 புள்ளி என்பது பாதி ஏணி.

இப்போது உங்கள் இரண்டு விங்கர்கள். இங்கேதான் நிறையப் பேர் புள்ளிவிவர அட்டவணையில் தப்பான பத்தியைப் பார்த்து ஆளை விற்றுவிடுகிறார்கள். பெனால்டி நிமிடம் என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். இரண்டு பேர் கைகலந்தால் ஆளுக்கு 5 நிமிடம் எழுதுவார்கள், ஆனால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் போவதால் பனியில் யாருக்கும் ஆள் குறையாது. பத்து நிமிட மிஸ்கண்டக்டும் (தவறான நடத்தைக்கான தண்டனை) அப்படித்தான், ஆட்டக்காரர் உள்ளே உட்காருவார், அணிக்கு மாற்று ஆள் உண்டு. ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸின் டேவ் ஷுல்ட்ஸ் 1974-75இல் 472 பெனால்டி நிமிடம் எடுத்தார், அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை, அவருடைய அணி அந்த வருடம் கோப்பையையும் வென்றது. 472-ஐ இரண்டால் வகுத்து 236 முறை அணியை ஆள் குறைவில் விட்டார் என்று கணக்குப் போட்டால் அது தவறு, அதில் பெரும்பங்கு சண்டை. ஆக, 2 நிமிட மைனர் பெனால்டியை மட்டும் தனியாக எண்ணுங்கள். அதையும் ஆட்டத்துக்கு எத்தனை என்று பார்க்காமல், ஆடிய 60 நிமிடத்துக்கு எத்தனை என்று பாருங்கள். நாலாவது லைனில் (மாறி மாறி இறங்கும் ஃபார்வர்டு குழு) 8 நிமிடம் ஆடி இரண்டு ஆட்டத்துக்கு ஒரு மைனர் வாங்குகிறவர், முதல் லைனில் 20 நிமிடம் ஆடி அதே அளவு வாங்குகிறவரைவிட இரண்டரை மடங்கு மோசம்.

என் அணியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சீசனில் உங்களைப் போலவே பெனால்டி பட்டியலின் உச்சியில் நின்றேன். பெரிய பெயருள்ள ஒரு பெனால்டி கில்லிங் சென்டரை, முதல் சுற்று டிராஃப்ட் இடத்தையும் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கொடுத்து வாங்கினேன். கில் சதவீதம் கொஞ்சம் ஏறியது, வாங்கும் கோல் குறைந்த மாதிரியே தெரியவில்லை. ஓர் இரவு உட்கார்ந்து ஆட்ட விவரப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பெயர், பீரியட், நேரம், குற்றம், அப்போதைய ஸ்கோர். பத்து ஆட்டம் எழுதுவதற்குள் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஹூக்கிங் (குச்சியால் இழுப்பது), ட்ரிப்பிங் (இடறி விழவைப்பது), ஹூக்கிங், ஹோல்டிங் (பிடித்துக்கொள்வது). எனக்கு அதிர்ச்சி என்னவென்றால் அவர் என் சண்டைக்காரர் இல்லை. மூன்றாவது ஜோடியில் ஆடிய ஒரு டிஃபென்ஸ்மேன், பெனால்டி நிமிடப் பட்டியலில் அணியில் ஐந்தாவதோ ஆறாவதோ இடத்தில் இருந்தவர், ஆனால் எடுத்த ஒவ்வொரு நிமிடமும் மைனர். நான் விற்க நினைத்திருந்த சண்டைக்காரரின் மைனர்கள் அணியின் சராசரிதான். அந்த டிஃபென்ஸ்மேனை உட்காரவைத்து, டிசிப்ளின் எண் (சிம் தரும் ஒழுக்க மதிப்பெண்) நன்றாக இருந்த சாதாரண ஆள் ஒருவரை ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுத்தேன். சென்டருக்குக் கொடுத்த முதல் சுற்று இடம் போனது போனதுதான்.

அதனால் உங்கள் விங்கர்கள் இருவரையும் இப்போதே விற்கச் சொல்லமாட்டேன். முதலில் அந்த நோட்டு. 20 ஆட்டம்தானே, ஒரு மாலை போதும். குற்றத்தின் பெயரையும் எழுதுங்கள், ஆனால் அதற்கு அதிக அர்த்தம் கொடுக்காதீர்கள், ஏனென்றால் இங்கே சிம்முக்கும் நிஜத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நிஜத்தில் "நல்ல பெனால்டி" என்று ஒன்று உண்டு. எதிரி தனியாக கோலியை நோக்கிப் பறக்கிறான், பின்னால் இருந்து அவனைப் பிடித்து இழுத்தால் 2 நிமிடம் உள்ளே போகலாம். தனியாகப் போகிறவன் மூன்றில் ஒரு முறையாவது கோல் அடித்துவிடுவான், எதிரணி ஓர் ஆள் கூடுதலாக ஆடும் பவர் பிளேயோ ஐந்தில் ஒரு முறைதான் கோல் தருகிறது. ரெஃப்ரீ பெனால்டி ஷாட் (கோலியை மட்டும் எதிர்த்துத் தனியாக அடிக்கும் வாய்ப்பு) கொடுத்துவிடாதவரை இழுத்தது லாபம்தான். பயிற்சியாளர் கைதட்டித்தான் வரவேற்பார். சிம்மில் நமக்கு அந்தத் தேர்வே கிடையாது. ஆட்டக்காரரின் டிசிப்ளின் எண், செக்கிங் (உடலால் மோதும்) எண், நாம் போட்ட உத்தி எல்லாம் சேர்ந்து ஒரு நிகழ்தகவு, பகடை விழுந்தால் பெனால்டி. "அவன் தேவையான இடத்தில்தான் வாங்குகிறான்" என்று சிம் ஆட்டக்காரருக்காக வாதாடுகிற ஜி.எம்.களை (அணி மேலாளர்களை) நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவில் அப்படித் தெரியும், என்ஜினில் அப்படி இருக்காது.

நீங்கள் ஆளை மாற்றாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதுதான் உங்கள் கடைசி வரிக்கு என் பதில். எஸ்.டி.எச்.எஸ்.-இல் ஒவ்வொரு லைனுக்கும் உடல் பலம், தற்காப்பு, தாக்குதல் என்று மூன்றுக்கும் புள்ளிகளைப் பிரித்துப் போடுகிறோம். அந்த விங்கர்கள் ஆடும் லைனில் உடல் பலத்துக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அடித்து ஆடுகிறவர்கள் என்பதாலேயே அங்கே அள்ளிப் போடுவது எல்லோரும் செய்கிற காரியம், நானும் செய்தேன். ஏற்கெனவே முரட்டு ஆட்களுக்கு இன்னும் முரட்டாக ஆடு என்று சொல்வது அது. அங்கிருந்து ஒரு புள்ளியை எடுத்துத் தற்காப்பில் போட்டு 10 ஆட்டம் ஓட்டுங்கள். ஃப்ரான்சைஸ் ஹாக்கி மேனேஜரில் என்றால் ஆட்டக்காரரின் அக்ரெஷன், டெம்பெரமென்ட் எண்களைப் பார்த்துவிட்டு, அவர்களுக்குக் கொடுத்திருக்கும் ரோலையும் லைனின் உத்தியையும் தணியுங்கள். என் அனுபவத்தில் உத்தியால் வரும் குறைவு ஆளை மாற்றுவதால் வரும் குறைவைவிடச் சிறியது, ஆனால் இதற்கு ஒரு காசு செலவில்லை.

பெனால்டி கில்லும் ஒழுக்கமும் ஏதோ எதிர் எதிர் குணங்கள் மாதிரி உங்கள் கேள்வி நின்றது, அதையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். கரோலைனா ஹரிகேன்ஸின் டிஃபென்ஸ்மேன் ஜேக்கப் ஸ்லேவின் 2020-21இல் 52 ஆட்டம் ஆடி மொத்தமே 2 பெனால்டி நிமிடம் எடுத்தார். அந்த ஒரே பெனால்டியும் யாரையும் தொட்டதற்கு இல்லை, பக் கண்ணாடிக்கு மேலே பறந்துவிட்டது. கண்ணியமான ஆட்டத்துக்கான லேடி பிங் விருதை அந்த வருடம் வாங்கிய இவர்தான் அந்த அணியின் பெனால்டி கில்லிலும் முக்கிய ஆள். எதிரணியின் சிறந்த லைனை எதிர்த்து நாள்தோறும் ஆடுகிறவர், குச்சியை சரியான இடத்தில் வைத்துக்கொண்டே. ரயன் ஓ'ரைலி கொலராடோவுக்காக 2013-14இல் 80 ஆட்டத்தில் 2 நிமிடம்தான், அதுவும் உடைந்த குச்சியோடு ஆடியதற்காக. பின்னாளில் சிறந்த தற்காப்பு ஃபார்வர்டுக்கான செல்கி விருதையும் வாங்கினார். நல்ல இடத்தில் நிற்பவனுக்கு எதிரியை இழுத்துப் பிடிக்க வேண்டிய அவசியம் வராது. இரண்டு திறமைக்கும் வேர் ஒன்று. ஆகவே சந்தையில் தேடும்போது "பெனால்டி கில்லர்" என்று ஒரு பட்டியல், "ஒழுக்கமானவர்" என்று ஒரு பட்டியல் வைக்காதீர்கள். தற்காப்பு எண்ணும் டிசிப்ளின் எண்ணும் இரண்டுமே ஓரளவு உயர்ந்திருக்கிற, ஆனால் கோல் அடிக்காத நடுத்தர ஆட்கள் எல்லா லீக்கிலும் விலை போகாமல் கிடப்பார்கள், ஏனென்றால் ஜி.எம்.கள் கோல் பத்தியை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். அங்கே போய் வாங்குங்கள்.

கில்லுக்கு விலை உண்டு, அது கோல் கணக்கில் மட்டும் தெரியாது. 2013 ஜூன் 5, பாஸ்டனும் பிட்ஸ்பர்கும் ஆடிய அரையிறுதியின் 3வது ஆட்டம். பாஸ்டன் ஆள் குறைவாக நிற்கிறது. எவ்கெனி மால்கின் அடித்த ஷாட்டுக்குக் குறுக்கே கிரெகரி கேம்ப்பெல் விழுந்து தடுத்தார், வலது கால் எலும்பு உடைந்துவிட்டது. பக் இன்னும் அவர்கள் பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் வெளியேற வழியில்லை. எழுந்து நின்றார். ஒரு காலில் சாய்ந்துகொண்டு, குச்சியை நீட்டி பாஸ் போகும் பாதையை மறைத்துக்கொண்டு, பக் வெளியே போகும் வரை ஏறக்குறைய முக்கால் நிமிடம் அப்படியே நின்றார். கோல் விழவில்லை, பாஸ்டன் இரண்டாவது கூடுதல் பீரியடில் ஜெயித்தது, பிட்ஸ்பர்கின் பவர் பிளே அந்தத் தொடர் முழுக்க 15 வாய்ப்பில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. புள்ளிவிவரத்தில் அது ஒரு வெற்றிகரமான கில். கேம்ப்பெல் அதற்குப் பிறகு அந்தப் ப்ளேஆஃபில் ஆடவில்லை. கில்லர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த முக்கால் நிமிடம்தான் நினைவுக்கு வரும். சிம்மிலும் காயம் உண்டு, சோர்வு உண்டு. ஆட்டத்துக்கு 5 பெனால்டி என்றால் 10 நிமிடம் வரை உங்கள் நல்ல தற்காப்பு ஆட்கள் அங்கேயே போய்க்கொண்டிருக்கிறார்கள், பவர் பிளே ஆடும் உங்கள் கோல் அடிப்பவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் அணி ஐந்துக்கு ஐந்தில் மற்றவர்களைவிட நல்ல அணி என்றால், நான் மேலே "ஒன்றையொன்று அடித்துப் போய்விடும்" என்று கழித்த அந்தப் பகுதி உங்களுக்குக் கழியாது. குறைக்கும் ஒவ்வொரு பெனால்டிக்கும் அந்த லாபம் கூடவே வரும்.

5 நிமிட மேஜர் பெனால்டியைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். மைனரில் ஒரு கோல் விழுந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வந்துவிடுவார். 1955 நவம்பரில் மான்ட்ரியலின் ஜான் பெலிவோ ஒரே பவர் பிளேயில் 44 விநாடிக்குள் மூன்று கோல் அடித்தார், 1956-57 சீசனிலிருந்து இந்த விதி வந்தது. மேஜருக்கு அந்தத் தடுப்பு இல்லை, 5 நிமிடமும் முழுதாக ஓடும். 2019 ஏப்ரல் 23, சான் ஹோசேக்கு எதிரான ப்ளேஆஃப் தொடரின் 7வது ஆட்டத்தில் 3-0 என்று முன்னிலையில் இருந்த வேகாஸ், கோடி ஈக்கினுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு மேஜரில் சுமார் 4 நிமிடத்துக்குள் 4 கோல் வாங்கி, கடைசியில் கூடுதல் நேரத்தில் தோற்று வெளியேறியது. அந்தத் தண்டனை சரியா என்ற சர்ச்சைக்குப் பிறகு அடுத்த சீசனிலிருந்து மேஜர்களை ரெஃப்ரீ காணொளியில் பார்த்து உறுதி செய்யும் விதி கொண்டுவந்தார்கள். உங்கள் நோட்டில் சண்டை இல்லாத மேஜர் ஒன்று இருந்தால் அந்த ஆட்டத்தைக் கில் கணக்கிலிருந்து தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் 22 கோலில் மூன்று நான்கு அங்கேயே விழுந்திருந்தால் மிச்சத்தின் சதவீதம் 80-ஐத் தாண்டிவிடும்.

நான் சொன்னதில் எது உறுதி, எது லீக்கைப் பொறுத்தது என்று பிரித்துவிடுகிறேன். பெருக்கல் கணக்கும் 100 முறையின் ஊசலாட்டமும் எந்த என்ஜினிலும் மாறாது. சண்டை மேஜர் ஆள் குறைவைத் தராது என்பதும் அப்படியே. ஆனால் உத்தியை மாற்றினால் எவ்வளவு குறையும், டிசிப்ளின் எண்ணில் 10 கூடினால் எத்தனை மைனர் குறையும் என்பதெல்லாம் என்ஜினையும் அதன் பதிப்பையும், கமிஷனர் வைத்திருக்கும் பெனால்டி அளவையும் பொறுத்தது. என் அனுபவம் என் லீக்குகளின் அனுபவம், அதை உங்கள் லீக்குக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. பெனால்டி அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நிஜத்திலேயே சான்று உண்டு. 2004-05 சீசன் ஆடப்படாமல் முடங்கிய பிறகு என்.எச்.எல். இழுப்பதையும் தடுப்பதையும் கண்டிப்பாகப் பிடிக்கத் தொடங்கியது, 2005-06இல் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 6 பவர் பிளே கிடைத்தது. இப்போது அது 3-ஐ ஒட்டி இருக்கிறது. முதல் உலகத்தில் நல்ல கில் குழு தங்கம், இரண்டாவது உலகத்தில் அது பாதி விலைதான். உங்கள் லீக் சராசரி ஆட்டத்துக்கு 3.5, அது இரண்டாவது உலகத்துக்குத்தான் பக்கம். உங்கள் அணி மட்டும் முதல் உலகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் லீக்கில் இதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. கடந்த சீசன்களின் விவரம் வலைப்பக்கத்தில் இருக்கும். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் டிசிப்ளின் எண்ணை ஒரு பத்தியிலும் 60 நிமிடத்துக்கான மைனரை அடுத்த பத்தியிலும் போட்டு, நிறைய நேரம் ஆடியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வரைபடம் போடுங்கள். புள்ளிகள் கோடு மாதிரி சரிந்தால் டிசிப்ளினுக்குக் காசு கொடுக்கலாம். மழைத்துளி மாதிரி சிதறிக் கிடந்தால், உங்கள் என்ஜின் வேறு எதையோ பார்க்கிறது, செக்கிங்கை அந்தப் பத்தியில் போட்டுப் பாருங்கள். கமிஷனர் ஒத்துழைத்தால் லீக் கோப்பின் நகலை எடுத்து ஒரே லைன்களோடு பல முறை ஓட்டிப் பார்ப்பது இன்னும் தெளிவு. நான் கமிஷனராக இருந்தபோது யார் கேட்டாலும் செய்து கொடுத்தேன், பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள்.

ஆக, இந்த வாரம் ஒன்றும் வாங்காதீர்கள், விற்காதீர்கள். நோட்டைப் போடுங்கள், உடல் பலத்தில் ஒரு புள்ளியை இறக்குங்கள், 10 ஆட்டம் விடுங்கள். ஆட்டத்துக்கு 5 என்பது 4-ஐ ஒட்டி வந்தால் விங்கர்கள் இருவரும் இருக்கட்டும், சம்பள இடத்தை வர்த்தகக் கெடு (ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) வரை வைத்திருங்கள், அப்போது 140 முறைக்கு மேல் நின்ற கில் சதவீதம் கையில் இருக்கும், அது இன்னும் 78-இலேயே நின்றால் முதலில் கோலியின் பக்கம் பாருங்கள், பிறகு கில்லர்கள். ஐந்திலேயே நின்றால் நோட்டின் இடது ஓரத்தில் யார் பெயர் அதிகம் என்று பார்த்து அவரை மாற்றுங்கள். அது உங்கள் விங்கர்களில் ஒருவராக இருந்தால், விற்பதற்கு முன் அவர் எத்தனை பெனால்டியை எதிரணியிடமிருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்பதையும், உங்கள் என்ஜின் அதைப் பதிவு செய்கிறது என்றால், அதே நோட்டில் வலது ஓரத்தில் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்த பட்டியலை இங்கே போட்டால் பெயர் பெயராகப் பார்த்துச் சொல்கிறேன்.